அஞ்சு மரத்துக்கு மண் பரிசோதனை தேவையா?

திருப்பூருக்குக் கிழக்கே ஒரு லே-அவுட்டில் வீடு கட்டிக் குடியேறிய வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு சென்ட் மனை, வீடு போக பின்பக்கம் மூன்று சென்ட் மிச்சம். இரண்டு வருடம் முன்பு அங்கே இரண்டு எலுமிச்சை, ஒரு இமாம்பசந்த் ஒட்டு மா, ஒரு கொய்யா வைத்திருக்கிறார். கொய்யா மட்டும் நன்றாக வந்து காய்க்கவும் தொடங்கிவிட்டது. எலுமிச்சை இரண்டும் இடுப்பு உயரத்திலேயே நின்றுவிட்டன, துளிரெல்லாம் மஞ்சளாக வருகிறது. மாவில் இலை நுனியும் ஓரமும் தீய்ந்தது போலக் காய்கின்றன. நர்சரிக்காரர் யூரியாவும் டிஏபியும் போடச் சொல்ல, கணவர் வாங்கிவந்து போட்டார். மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தப்பா, "தென்னைக்கும் மற்ற மரத்துக்கும் நாங்க வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுவோம், நீயும் போடு" என்றதால் தை மாதம் ஒவ்வொரு எலுமிச்சைக்கும் இரண்டு கிலோ சுண்ணாம்பு போட்டார். அதற்கப்புறம் மஞ்சள் இன்னும் கூடிவிட்டது. போர் தண்ணீர்தான் பாய்கிறது, வாளியில் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீர் வீணாக வேண்டாமே என்று ஒரு குழாய் வைத்து மா மரத்தடிக்கு விட்டிருக்கிறார்கள்.

இப்போது எலுமிச்சையைப் பிடுங்கிவிட்டு, ஆடியில் ஒரு பலாவும் ஒரு பட்டர் ஃப்ரூட்டும் வைக்கத் திட்டம். மூன்றடிக் குழி எடுத்து, ஒரு டிப்பர் செம்மண் இறக்கி, தொழுவுரம் கலந்து நிரப்பிவிட்டால் பழைய மண்ணைப் பற்றிக் கவலையில்லையே என்று கேட்கிறார். மண்ணை ஒருமுறை சோதித்துவிடலாமா என்று இவர் சொன்னதற்கு, "அதெல்லாம் ஏக்கர் கணக்கில் விவசாயம் பண்றவங்களுக்கு, அஞ்சு மரத்துக்கு லேபுக்கு ஓடணுமா" என்கிறாராம் கணவர். நர்சரியில் கெட்ட கன்று கொடுத்து ஏமாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகமும் இவருக்கு இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

முதலில் எலுமிச்சையைப் பிடுங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய இலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளை நுனியில் இருக்கும் இளம் இலை வெளிர் மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை. அதில் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோல ஓடுகின்றன. கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள் ஓரளவு பச்சையாகத்தான் இருக்கின்றன. தழைச்சத்துக் குறைவு என்றால் இதற்கு நேர் எதிராக நடக்கும், மரம் பழைய இலையிலிருந்து சத்தை உறிஞ்சிப் புதுத் துளிருக்கு அனுப்பும் என்பதால் அடி இலைகள்தான் முதலில் முழுசாக மஞ்சளாகும். இரும்புச்சத்து ஒரு இலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து எளிதில் நகராது, அதனால் பற்றாக்குறை புதுத் துளிரில் தெரியும். ஆக நீங்கள் போட்ட யூரியா இந்த மஞ்சளுக்கு மருந்தே இல்லை. டிஏபியில் இருக்கும் மணிச்சத்து மண்ணில் அதிகமாகிப் போனால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் மண்ணில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் போட்டதால் காசும் போய் மரமும் வாடியிருக்கிறது.

இரும்பு உங்கள் மண்ணில் இல்லாமலில்லை. மண்ணின் கார அமில அளவு, அதாவது பி.எச்., 7.5-ஐத் தாண்டி 8-ஐ நெருங்கும்போது அந்த இரும்பு கரையாத வடிவத்தில் பூட்டிக்கொள்கிறது. கோவை, திருப்பூர் பக்கத்து நிலங்களில் மண்ணுக்குள் சுண்ணாம்பு இயல்பாகவே நிறைய உண்டு, கொஞ்சம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் வருவதை வீடு கட்ட அஸ்திவாரம் எடுத்தபோதே பார்த்திருப்பீர்கள். போதாக்குறைக்குக் கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்ட் கலவை, சுவர்ப் பூச்சுத் துகள், உடைசல் எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்திலேயே கொட்டி மேலே மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள், அதுவும் சுண்ணாம்புதான். இதெல்லாம் உங்கள் கடிதத்தையும் படத்தையும் வைத்து நான் சொல்கிற ஊகம். பலமான ஊகம்தான், ஆனாலும் இதை நம்பி அடுத்த இருபது முப்பது வருடத்துக்கு நிற்கப்போகிற மரத்தை வைக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள்.

சித்தப்பா சொன்னது அவர் ஊருக்குச் சரி

குமரி மாவட்டத்தில் மழை அதிகம். பல இடங்களில் மண் அமிலத்தன்மை கொண்டது, மழை அங்கே மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். அங்கே சுண்ணாம்பு போட்டால் மண் சீராகும், மரம் செழிக்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் இதற்காகத்தான் டோலமைட் போடுகிறார்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இன்னும் இரண்டு கிலோ போட்டதால் இரும்பின் பூட்டு இறுகியிருக்கும், அதனால்தான் மஞ்சள் கூடியது. சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் தன் மண்ணை அறிந்து சொன்னார். மரத்தடியில் வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்பை வேர் அறுபடாமல் மேலாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

நர்சரி மீதான சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கன்று கெட்டதாக இருந்தால் இரண்டு எலுமிச்சையும் ஒரே மாதிரி, அதுவும் துளிரில் மட்டும், மஞ்சளாவது அபூர்வம். கொய்யா அதே மண்ணில் நன்றாக வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கொய்யா இந்த மாதிரி மண்ணை ஓரளவு தாங்கும், எலுமிச்சை வகை தாங்காது. காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதில் பலனில்லை என்பது என் கருத்து.

செம்மண் நிரப்பினால் போதாதா?

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி இதுதான், ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பித்தான் காசைக் கொட்டுகிறார்கள். மூன்றடிக் குழி என்பது 27 கன அடி, அதில் சுமார் ஒரு டன் மண் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு வருடம் கன்று அந்த மண்ணுக்குள் சந்தோஷமாக வளரும், நீங்களும் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். அப்புறம் வேர் குழியைத் தாண்டும்போது பழைய மண்ணைத் தொட்டே தீர வேண்டும். தொட்டதும் அதே மஞ்சள் திரும்ப வரும், அந்த நேரத்தில் மரம் ஆளுயரத்தைத் தாண்டியிருக்கும். சுற்றிலும் களிமண்ணாக இருந்தால் இன்னொரு சிக்கல். இளகிய செம்மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் பக்கத்துக் களிமண்ணுக்குள் வடிய முடியாமல், அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் நிற்பதுபோல அங்கேயே தேங்கி வேரை அழுகவைக்கும். பலாவும் பட்டர் ஃப்ரூட்டும் தேங்கும் தண்ணீரைத் தாங்கவே தாங்காத மரங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், செம்மண் என்றாலே சுண்ணாம்பு இருக்காது என்பது தவறு. மேற்கு மாவட்டங்களில் சுண்ணாம்பு கலந்த செம்மண் பல இடங்களில் இருக்கிறது. டிப்பர்காரர் எங்கே வெட்டி எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அப்படியே மண் வாங்குவதானாலும் அதிலும் ஒரு பிடி எடுத்துச் சோதித்த பிறகு வாங்குங்கள்.

சரி, மண்ணையே மாற்றிவிட முடியாதா, கந்தகம் போட்டால் காரம் குறையும் என்கிறார்களே என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு டன் மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்பு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், 50 கிலோ ஆயிற்று. ஒரு கிலோ சுண்ணாம்பைச் செயலிழக்கச் செய்ய சுமார் 320 கிராம் கந்தகம் வேண்டும், அப்படியானால் ஒரு குழிக்கு மட்டும் 16 கிலோ. வேர் அதைத் தாண்டிப் போகும், போர் தண்ணீர் தினமும் புதிதாகச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கும். வீட்டுத் தோட்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஜிப்சமும் இப்படித்தான். மண்ணில் சோடியம் மிகுந்து களர் ஆகியிருந்தால் அது அருமையான மருந்து, வெறும் சுண்ணாம்பு மண்ணுக்கு அதனால் பயனில்லை. உங்களுடையது களரா, உப்பு மிகுந்த உவரா, சுண்ணாம்பு மண்ணா என்று பார்வையை வைத்துப் பிரிக்க முடியாது.

காய்கறியாக இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். கத்தரி சரியாக வரவில்லையென்றால் நாலு மாதத்தில் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம், ஒவ்வொரு பட்டத்துக்கும் மேல்மண்ணில் எருவைக் கொத்திவிடலாம். பழமரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணை வைத்த பிறகு தொடவே முடியாது, தப்பு நடந்திருக்கிறதென்று தெரியவே மூன்று நாலு வருடம் ஆகிவிடும். அதனால் பரிசோதனையை எந்த உரம் வாங்கலாம் என்று கேட்பதற்காகச் செய்யாதீர்கள், எந்த மரத்தை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்று முடிவுசெய்யச் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருக்குப் பத்து மரம் போனாலும் மிச்சம் இருக்கும், உங்களுக்கு இருப்பதே அஞ்சு மரத்துக்கான இடம்.

மண் எடுப்பதில்தான் பாதி விஷயம்

லேபுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யலாம். கன்று வைக்க நினைக்கும் இடத்தில் இரண்டடி ஆழத்திலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து, அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சுண்ணாம்பு நிறைய இருந்தால் சோடா பாட்டில் திறந்தபோது வருவதுபோல மெல்லிய சத்தமும் நுரையும் வரும். வினிகர் வீரியம் குறைந்தது, நுரை வராவிட்டால் சுண்ணாம்பு இல்லவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்தது வடிகால். ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள், மறுபடி நிரப்பி ஒரு குச்சியை நட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறதென்று பாருங்கள். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் பலாவை மறந்துவிடலாம். இந்தச் சோதனையை எந்த லேபும் உங்களுக்காகச் செய்து தராது, காகிதத்தில் எல்லா எண்ணும் அழகாக வந்து தண்ணீர் வடியாமலே செத்த மரங்கள் உண்டு.

மண் மாதிரியைப் பெரும்பாலானவர்கள் மேலாக ஒரு கை அள்ளிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். நெல்லுக்கும் காய்கறிக்கும் மேலே அரையடி மண் போதும், மரத்துக்குப் போதாது. கடப்பாரையால் மூன்றடி வரை குழி எடுத்து, குழியின் பக்கச் சுவரிலிருந்து முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி என்று தனித்தனியாகச் சுரண்டி எடுங்கள். பின்பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் இப்படி எடுத்து, ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுத்தால் போதும். சுண்ணாம்பு போட்ட இடம், எரு கொட்டிய இடம், டிஏபி போட்ட மரத்தடி, கலவை போட்ட மூலை இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள். துருப்பிடித்த மண்வெட்டியால் எடுத்தால் இரும்பின் அளவு தப்பாகக் காட்டும், அதனால் கடைசியாகச் சுரண்டுவதற்கு மரக்கரண்டியோ பிளாஸ்டிக் முறமோ வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்தி, சுத்தமான துணிப் பையிலோ புது பாலித்தீன் கவரிலோ கட்டுங்கள், பழைய உரச்சாக்கு மட்டும் வேண்டாம்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் என எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். வீட்டுத் தோட்டத்துக்கு என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள். கட்டணம் எவ்வளவு என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், டிப்பர் செம்மண்ணுக்குக் கொடுப்பதைவிட மிகமிகக் குறைவாகத்தான் இருக்கும். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச்., உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள் என 12 அம்சங்கள் வரும். அந்தப் பட்டியலில் சுண்ணாம்பு நிலை இல்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்பதால் சுண்ணாம்பு நிலையும் மண்ணின் நயமும், அதாவது மணல், களி எவ்வளவு என்பதும், பார்த்துத் தரும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கடையில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு விற்கும் மீட்டரை வாங்கி மண்ணில் குத்திப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம், அது காட்டும் எண்ணை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது.

தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள்

நீங்கள் இருக்கும் பக்கத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறிய கதை உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை மாறத் தொடங்கினாலும், நிலத்தடிக்குப் போன உப்பு சீக்கிரத்தில் போய்விடுவதில்லை. உங்கள் போர் அந்தப் பாதிப்பில் வருகிறதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, ஒரு பாட்டில் தண்ணீர் சொல்லிவிடும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து மண்ணோடு சேர்த்துக் கொடுங்கள். உப்பு, குளோரைடு, எஞ்சிய சோடியம் கார்பனேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. குழாயை இன்றைக்கே மா மரத்தடியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த மெஷின் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, போரில் இருந்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரில் திரட்டித்தான் வெளியே தள்ளுகிறது. மா இலை நுனியும் ஓரமும் காய்வது குளோரைடு மிகுந்தால் வரும் அடையாளம், எனக்கு அந்தக் குழாய் மீதுதான் சந்தேகம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நினைப்பது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். வாசல் கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். மாடித் தண்ணீரை மழைக்காலத்தில் மா மரத்தைச் சுற்றி இறங்கவிட்டால் சேர்ந்த உப்பு கீழே கழுவப்பட்டுப் போகும்.

முடிவு வந்ததும்

பி.எச். 7.5-க்குள், உப்பின் அளவு (அறிக்கையில் EC என்று இருக்கும்) மீட்டருக்கு ஒரு டெசி சைமன்ஸுக்குள், சுண்ணாம்பு இல்லை, தண்ணீரும் வடிகிறது என்றால் என் ஊகம் தப்பு, உங்களுக்கு யோகம், பலா வைக்கலாம். அப்போதும் இடத்தை யோசியுங்கள். மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி, நன்றாக வளர்ந்த பலாவுக்கு எட்டு மீட்டர் இடைவெளியாவது வேண்டும், ஏற்கெனவே ஒரு மா நிற்கிறது.

பி.எச். 8-ஐத் தாண்டி சுண்ணாம்பும் இருக்கிறது என்று வந்தால் நெல்லி, சப்போட்டா, சீத்தா, மாதுளை இவற்றில் தேர்ந்தெடுங்கள். இவை சுண்ணாம்பு மண்ணோடு ஒத்துப்போகும். உப்பும் சேர்ந்திருந்தால் சீத்தாவை விட்டுவிட்டு நெல்லி, இலந்தை, சப்போட்டா பக்கம் போங்கள். பி.எச். 8.5-க்கு மேலே என்றால் சோடியம் இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது ஜிப்சம் எவ்வளவு என்று லேபிலேயே கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும், நாமாக அளவு வைக்கக் கூடாது. பட்டர் ஃப்ரூட்டை எப்படி வந்தாலும் விட்டுவிடச் சொல்வேன். தாண்டிக்குடி, தடியன்குடிசை மாதிரி கீழ்ப்பழனி மலை மண்ணும் குளுமையும் கேட்கிற மரம் அது, உப்பும் சுண்ணாம்பும் தேங்கும் தண்ணீரும் மூன்றுமே அதற்கு ஆகாது.

இன்னொரு கொய்யா வைப்பதானால் கன்றைப் பையிலிருந்து உருவி வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது வேர்முடிச்சு நூற்புழு, நர்சரிக் கன்றோடு வந்து நல்லபடியாக நிற்கும் உங்கள் பழைய கொய்யாவையும் பிடித்துவிடும். சாதாரண மண் பரிசோதனையில் அது தெரியாது.

எலுமிச்சைக்கு இப்போதே ஒரு முதலுதவி செய்யலாம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு துளிர் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரே கிளையில் தெளித்து இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் கரைத்தால் உப்பு திரிந்து துருநிறமாகிவிடும், மழைத்தண்ணீரோ ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரோ எடுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. அன்னபேதியை மண்ணில் கொட்டிப் பயனில்லை, சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். தண்ணீரைத் தினமும் விடாமல் மண் காய்ந்த பிறகு விடுங்கள், ஈரம் நின்றுகொண்டே இருந்தால் இந்த மஞ்சள் கூடும். தொழுவுரமும் காய்ந்த சருகு மூடாக்கும் தாராளமாகப் போடலாம். புதுத் துளிர் பச்சையாக வந்தால் மரத்தை வைத்துக்கொண்டு அவ்வப்போது தெளித்துவாருங்கள். ஆறு மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் அப்போது எடுத்துவிடலாம், எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைப்புக்குச் சொன்னது. ஒட்டுக்கன்றுக்கு உங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசி மழையும் நல்ல நேரம்தான், அதனால் ஆடிக்குள் முடிவு வரவில்லை என்று அவசரப்பட வேண்டாம். இந்த வாரம் மண்ணும் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். பையின்மேல் எந்த அடி மண் என்று எழுத மறந்துவிடாதீர்கள், அறிக்கை வந்ததும் குழித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எந்தக் கன்று என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.